கம்பெனி ஸ்டீரியோவுடன் சப்வூஃபர் சேர்த்த பின் எழும் கோளாறுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காருடன் வந்த ஸ்டீரியோவை அப்படியே வைத்துக்கொண்டு, அதனுடன் ஓர் ஆம்ப்ளிஃபையரையும் சப்வூஃபரையும் மட்டும் சேர்ப்பதே இன்று பலரும் தேர்ந்தெடுக்கும் வழி. ஸ்டீயரிங் பொத்தான்களும் ரிவர்ஸ் கேமராவும், சில கார்களில் ஏ.சி. அமைப்புகளும்கூட, அந்தத் திரையோடு பிணைந்திருப்பதால் அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது எளிதல்ல. ஆனால் கம்பெனி ஸ்டீரியோ கதவு ஸ்பீக்கர்களுக்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் ஆம்ப்ளிஃபையருக்குத் தேவையான ஆர்.சி.ஏ. வெளியீடும் (ஒலிக்குறிப்பை எடுத்துச் செல்லும் இணைப்பு), அதை விழித்தெழச் சொல்லும் ரிமோட் ஒயரும் பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. அந்தக் குறையை எப்படி ஈடுகட்டினோம் என்பதில்தான் பிறகு வரும் கோளாறுகளில் பாதி ஒளிந்திருக்கிறது.

கோளாறு எழுந்ததும் ஆம்ப்ளிஃபையரை மாற்றிப் பார்க்கும் பழக்கம் பணத்தையும் நேரத்தையும் விழுங்குகிறது. ஆம்ப்ளிஃபையருக்கு நான்கு வழிகளில்தான் எதுவும் வந்து சேர்கிறது: பேட்டரியிலிருந்து பிளஸ், காரின் உடலிலிருந்து எர்த், விழித்தெழச் சொல்லும் ரிமோட், ஸ்டீரியோவிலிருந்து ஒலிக்குறிப்பு. அதிலிருந்து வெளியே செல்வது சப்வூஃபர் ஒயர் மட்டுமே. இந்த ஐந்தையும் ஒரு சாதாரண மல்டிமீட்டரால் அளந்துவிட முடியும் என்பதால், எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். மல்டிமீட்டருடன், 50, 80, 1000 ஹெர்ட்ஸ் சைன் ஒலிகள் பதிவு செய்த ஒரு பென்டிரைவ், கைப்பேசியை ஆர்.சி.ஏ.வுடன் இணைக்கும் ஒயர், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி செல், ஒன்றிரண்டு மாற்றுப் பியூஸ்கள் ஆகியவை இருந்தால் போதும்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். முதன்மைப் பிளஸ் ஒயரில் கை வைப்பதற்கு முன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். இரண்டாவது, கம்பெனி ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் ஒயர்களில் மைனஸ் என்று குறிக்கப்பட்டது எர்த் அல்ல. இரு ஒயர்களிலும் எர்த்தைவிட ஏறத்தாழ 6 வோல்ட் நிலையாக நிற்கும். இரண்டுமே ஒலியைச் சுமப்பவை. அவற்றில் எதையாவது காரின் உடலில் தொட்டால் ஸ்டீரியோவின் உள்ளே இருக்கும் ஒலிச்சில்லு எரிந்துபோகக்கூடும், அந்தச் செலவு சப்வூஃபரின் விலையையே தாண்டிவிடும்.

ஆம்ப்ளிஃபையர் விளக்கே எரியவில்லை

ஆம்ப்ளிஃபையரின் பிளஸ் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே அளக்கவும். எஞ்சின் நின்றிருக்கும்போது 12.4 முதல் 12.7 வோல்ட் வரை காட்டினால் மின்சாரம் சரியாக வந்து சேர்கிறது. ஒன்றும் காட்டாவிட்டால், எர்த் முனையில் வைத்த கம்பியை எடுத்துக் காரின் வெறும் உலோகத்தில் வைத்து மீண்டும் அளக்கவும். இப்போது 12 வோல்ட் வந்தால் குறை எர்த்தில்தான். அப்போதும் வராவிட்டால் பேட்டரிக்கு அருகில் உள்ள பியூஸின் இருபுறமும் அளக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பியூஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யக் கூடாது, ஏனெனில் உள்ளே உள்ள பட்டை மூடியின் ஓரத்தில் விட்டிருந்தால் வெளியே தெரியாது. அந்தப் பியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். அது காப்பது ஆம்ப்ளிஃபையரை அல்ல. பானெட்டிலிருந்து டிக்கி வரை ஓடும் ஒயரையும் அதன் வழியே காரையும்.

பிளஸ், எர்த் இரண்டும் சரி என்றால் மிஞ்சுவது ரிமோட். சாவியைத் திருப்பிய நிலையில் அந்த முனையில் 12 வோல்ட் இருக்க வேண்டும். ஒரு சிறு ஒயர்த் துண்டால் பிளஸ் முனையிலிருந்து ரிமோட் முனையை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்: விளக்கு எரிந்தால் ஆம்ப்ளிஃபையர் நலம், அதற்குச் செய்தி வந்து சேரவில்லை என்று பொருள். சில ஆம்ப்ளிஃபையர்கள் ஸ்பீக்கர் ஒயரில் நிற்கும் அந்த 6 வோல்ட்டை உணர்ந்து தாமாக விழித்துக்கொள்ளும். ஆனால் நடுவே, ஸ்பீக்கர் ஒயரின் ஒலிக்குறிப்பை ஆர்.சி.ஏ.வுக்கு ஏற்றபடி மாற்றும் லைன் அவுட் கன்வெர்ட்டர் ஒன்றை வைத்திருந்தால் அந்த நிலை மின்னழுத்தம் அதிலேயே நின்றுவிடும், ஆம்ப்ளிஃபையர் உறங்கிக்கொண்டே இருக்கும். ரிமோட் வெளியீடு உள்ள கன்வெர்ட்டரைப் பயன்படுத்தலாம். இல்லையெனில் பியூஸ் பெட்டியில், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஓர் இடத்திலிருந்து, தனிப் பியூஸுடன் ஒயர் எடுக்கலாம்.

விளக்கு எரிகிறது, ஆனால் ஒலி இல்லை

முதலில் குறை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னா பின்னா என்று பிரித்துவிட வேண்டும். உள்ளே வரும் ஆர்.சி.ஏ. ஒயரைக் கழற்றிவிட்டு, கைப்பேசியைக் குறைந்த ஒலி அளவில் நேரடியாக இணையுங்கள். சப்வூஃபர் ஒலித்தால் குறை ஸ்டீரியோ பக்கம். ஒலிக்காவிட்டால் சப்வூஃபர் பக்கம்.

சப்வூஃபர் பக்கம் என்றால், அதன் ஒயர்களை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கழற்றி ஓம் அளவில் வைத்து அளக்கவும். 4 ஓம் என்று குறித்த சுருள் மீட்டரில் ஏறத்தாழ 3.2 முதல் 3.8 வரை காட்டும், இது இயல்பு. முடிவிலி காட்டினால் சுருளோ ஒயரோ அறுந்திருக்கிறது. பெட்டியின் பின்புற முனைகளில் நேரடியாக அளந்தால் எது என்று தெரியும். 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டால் கூம்பு அசைய வேண்டும். இரட்டைச் சுருள் உள்ளவற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

ஸ்டீரியோ பக்கம் என்றால், மிக எளிய காரணத்திலிருந்து தொடங்குங்கள். பின்கதவு ஸ்பீக்கரிலிருந்து ஒலிக்குறிப்பை எடுத்திருக்கும் காரில் யாரேனும் ஃபேடரை (ஒலியை முன், பின் ஸ்பீக்கர்களுக்குப் பிரிக்கும் அமைப்பை) முழுவதும் முன்பக்கம் தள்ளியிருந்தால் சப்வூஃபருக்கு ஒன்றும் வராது. அது சரியாக இருந்தால், 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு ஸ்பீக்கர் ஒயரில் ஏ.சி. வோல்ட் அளக்கவும். கன்வெர்ட்டருக்குள் போவது இருந்து, வெளியே வருவது இல்லையென்றால் கன்வெர்ட்டரின் மின் இணைப்பைப் பாருங்கள். உள்ளே போவதே இல்லையென்றால், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு அதன் ஒயரில் கன்வெர்ட்டரை மட்டும் இணைத்தீர்களா என்று யோசிக்க வேண்டும். சில புதிய ஸ்டீரியோக்கள் எதிரில் ஸ்பீக்கரின் சுமை இருக்கிறதா என்று சோதித்து, இல்லையெனில் அந்த வெளியீட்டையே நிறுத்திவிடும். அதற்கு ஸ்பீக்கரை மீண்டும் மாட்டலாம், அல்லது உரிய சுமை மின்தடையைச் சேர்க்கலாம்.

கம்பெனி ஆம்ப்ளிஃபையர் தனியாக உள்ள விலையுயர்ந்த கார்களில், ஸ்டீரியோவுக்கும் அதற்கும் இடையே ஓடும் ஒயரில் சாதாரண ஒலிக்குறிப்பு இல்லாமல் இலக்க வடிவச் செய்தி ஓடக்கூடும். அங்கே அந்த ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால், அதுவும் தாழ்ந்த ஒலி செல்லும் ஸ்பீக்கர் ஒயரிலிருந்துதான் எடுக்க வேண்டும். உயர்ந்த ஒலிகளுக்கான டிவீட்டருக்குச் செல்லும் ஒயரில் பேஸ் இருக்காது.

சிவப்பு விளக்கு எரிந்து பாதுகாப்பு நிலைக்குப் போய்விடுகிறது

சப்வூஃபர் ஒயரையும் ஆர்.சி.ஏ.வையும் கழற்றிவிட்டு மின்சாரத்தை மட்டும் கொடுங்கள். அப்போதும் சிவப்பே எரிந்தால் உட்பழுது. அதைப் பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். பச்சை எரிந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், எதை மாட்டியதும் சிவப்பாகிறதோ அங்கே குறை இருக்கிறது. சப்வூஃபர் ஒயர் சீட்டின் தண்டவாளத்தில் நசுங்கி உடலைத் தொட்டுக்கொண்டிருப்பது அடிக்கடி காணப்படுவது.

உடனே போகாமல் சிறிது நேரம் ஓடிய பின் போனால், ஓம் கணக்கைச் சரிபாருங்கள். இரட்டை 4 ஓம் சுருள்களைப் பக்க இணைப்பில் கட்டினால் 2 ஓம், தொடர் இணைப்பில் 8 ஓம். இரட்டை 2 ஓம் என்றால் பக்க இணைப்பில் 1 ஓம், தொடரில் 4 ஓம். இரு வாயில்களை (சேனல்களை) ஒன்றாக்கிப் பிரிட்ஜ் செய்த ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலானவை 4 ஓமுக்குக் கீழே தாங்கமாட்டா. கணக்கு சரியாக இருந்தும் மதிய வேளையில் மட்டும் நின்று, குளிர்ந்த பின் தானாகத் திரும்பி வந்தால் காரணம் வெப்பம். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில், கம்பளத்துக்கு அடியில் மூடிப் பொருத்திய ஆம்ப்ளிஃபையர் பாட்டுப் போடுவதற்கு முன்பே சூடேறியிருக்கும். அதைச் சுற்றிக் காற்று ஓட இடம் விட வேண்டும். சீட்டுக்கு அடியில் வைக்கும் சிறிய சப்வூஃபர்களில் ஆம்ப்ளிஃபையரும் உள்ளேயே இருப்பதால் இந்தக் குறை இன்னும் விரைவில் தலைகாட்டும்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ரீங்காரம்

இதைப் போல ஆளை அலைக்கழிக்கும் கோளாறு வேறில்லை. ஆனால் வரிசை தவறாமல் தேடினால் பிடிபடாமலும் போகாது. சத்தம் ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. எஞ்சின் ஓடாதபோதும் இருந்தால் வேறு காரணம். கைப்பேசி சார்ஜரையும் டேஷ்கேமராவின் மின்னிணைப்பையும் பிடுங்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஆர்.சி.ஏ. ஒயரை ஆம்ப்ளிஃபையரில் கழற்றுங்கள். சத்தம் நின்றால் அது ஒலிக்குறிப்பின் வழியே வருகிறது. நிற்காவிட்டால் மின்சாரத்தின் வழியே, அதாவது பெரும்பாலும் எர்த்தின் வழியே வருகிறது. எங்கிருந்து வந்தாலும் எர்த்தை முதலில் அளந்துவிடுவது நல்லது. மீட்டரின் ஒரு கம்பியை ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனையிலும், நீளமான ஒயர் சேர்த்த மற்றொன்றைப் பேட்டரியின் மைனஸிலும் வைத்து, எஞ்சின் ஓட, பேஸ் நிறைந்த பாட்டு ஒலிக்க, டி.சி. வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நன்று, 0.2ஐத் தாண்டினால் அந்த எர்த்தைப் பிரித்துப் போட்டே ஆக வேண்டும். வெறும் ஓம் அளவில் வைத்துப் பார்ப்பது இங்கே ஏமாற்றும், ஏனெனில் ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் சுழியம் காட்டிவிடும்.

நல்ல எர்த் என்பது பெயின்ட்டை வெறும் உலோகம் தெரியச் சுரண்டிய இடத்தில், அழுத்திப் பொருத்திய லக்குடன், பல்வாஷர் வைத்து முறுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நீளம் அரை மீட்டருக்குள்ளும், தடிமன் பிளஸ் ஒயருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். முறுக்கிய பின் மேலே பெயின்ட்டோ கிரீஸோ பூசினால் துருப்பிடிக்காது. கடற்கரை ஊர்களில் இதைத் தவிர்க்கவே கூடாது. சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுப்பது பல இடங்களில் நடக்கிறது. உயிர் காக்கும் பொருளை மின்சாரத்துக்காகத் தளர்த்துவது எந்த வகையிலும் ஏற்கத் தக்கதல்ல. அந்த போல்ட்டின் மரையில் பூசியிருக்கும் பசையால் மின்தொடர்பும் சரியாக இராது.

எர்த் சரியாக இருந்தும் ஆர்.சி.ஏ. வழியே சத்தம் வந்தால், ஒயர்கள் ஓடும் பாதையைப் பாருங்கள். பிளஸ் ஒயர் ஒரு பக்க வாசற்படியின் கீழே ஓடினால் ஒலிக்குறிப்பு மறுபக்கம் ஓட வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்தில் குறுக்கிட வேண்டும். கன்வெர்ட்டரின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் ஒரே புள்ளியில் முடிய வேண்டும், இரண்டு வெவ்வேறு இடங்களில் முடிந்தால் அவற்றுக்கிடையே உள்ள சிறு வேறுபாடே ரீங்காரமாகக் கேட்கும். இவை எல்லாம் சரி என்றால் பேட்டரி முனைகளில், எஞ்சினும் ஹெட்லைட்டும் இயங்கும்போது, ஏ.சி. வோல்ட் அளக்கவும். 0.1க்குக் கீழே இருக்க வேண்டியது 0.5ஐ நெருங்கினால் ஆல்டர்னேட்டரின் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்புண்டு. அது ஒலிக்கோளாறு அல்ல, எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டிய பழுது.

கடைகளில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று சிறு பெட்டி ஒன்றை நடுவில் மாட்டிச் சத்தத்தை நிறுத்தித் தருவார்கள். மலிவானவற்றின் உள்ளே இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் மிகத் தாழ்ந்த ஒலிகளைக் கடத்துவதில்லை. எதைக் கேட்பதற்காகச் சப்வூஃபரை வாங்கினோமோ அதையே அது வடிகட்டிவிடும் என்பதால் அதைக் கடைசி வழியாகக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒலியைக் கூட்டக் கூட்டப் பேஸ் குறைகிறது

இதில் எதுவும் பழுதில்லை. கதவிலுள்ள சிறிய ஸ்பீக்கர்கள் கிழிந்துவிடாமல் இருக்க, ஒலியளவு ஏறும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைக்கும்படி பல கம்பெனி ஸ்டீரியோக்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. 50 ஹெர்ட்ஸ், 1000 ஹெர்ட்ஸ் ஆகிய இரு ஒலிகளையும் வெவ்வேறு ஒலியளவுகளில் ஓடவிட்டு ஸ்பீக்கர் ஒயரில் ஏ.சி. வோல்ட்டைக் குறித்துக்கொண்டு வாருங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறினால் ஸ்டீரியோ குறைக்கவில்லை. 1000 ஏறிக்கொண்டிருக்க 50 மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டால் காரணம் இதுவே. ஆம்ப்ளிஃபையரின் கெயின் குமிழைக் கூட்டுவது இதற்கு மருந்தாகாது: உரத்த நிலையில் சரியாகும் பேஸ் மெல்லிய நிலையில் காதை அடைக்கும். இழந்த பேஸை மீட்டெடுக்கும் வசதியுள்ள கன்வெர்ட்டரோ, ஒலியை இலக்க முறையில் திருத்தும் டி.எஸ்.பி. கருவியோதான் முறையான தீர்வு. அதற்கு இப்போது செலவு செய்ய இயலாவிட்டால், ஆம்ப்ளிஃபையருடன் வரும் பேஸ் குமிழை ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

ஒலி கரகரக்கிறது, சூட்டு வாடை வருகிறது

வாடை வந்த உடனே நிறுத்திவிட வேண்டும். சுருளின் பூச்சு எரியத் தொடங்கியிருக்கிறது. கெயின் என்பது ஒலியளவுக் குமிழ் அல்ல. ஸ்டீரியோ தரும் வோல்ட்டுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் அமைப்பு. அதை அளந்து வைக்கும் முறை இது: சப்வூஃபரைக் கழற்றுங்கள், பேஸ் பூஸ்ட்டையும் ஈக்வலைசரையும் சுழியத்தில் வையுங்கள், லோ பாஸை (தாழ்ந்த ஒலிகளை மட்டும் விடும் வடிகட்டியை) மேலே ஏற்றுங்கள், ஸ்டீரியோவை முக்கால் அளவில் வைத்து 50 ஹெர்ட்ஸை ஓடவிடுங்கள். வேண்டிய வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் கிடைக்கும். 300 வாட், 4 ஓம் என்றால் சுமார் 34.6 வோல்ட், 300 வாட், 2 ஓம் என்றால் சுமார் 24.5 வோல்ட். ஆம்ப்ளிஃபையரின் சப்வூஃபர் முனைகளில் ஏ.சி. வோல்ட்டைப் பார்த்தபடி கெயினை அடியிலிருந்து மெதுவாக ஏற்றி அந்த எண்ணில் நிறுத்துங்கள். அந்த எண்ணை எட்டும் முன்னரே கெயின் முழுவதும் ஏறிவிட்டால் ஆம்ப்ளிஃபையரால் அவ்வளவு தர முடியாது, அல்லது உள்ளே வரும் குறிப்பு போதவில்லை.

பெட்டியில் அச்சிட்ட 2000 வாட் போன்ற எண்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம், தொடர்ந்து தரக்கூடிய வாட்டைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். எண்ணையே எடுங்கள். அதிலும் ஐயம் இருந்தால் ஆம்ப்ளிஃபையரின் பியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் பியூஸ், 13.8 வோல்ட், கிளாஸ் டி வகைக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு திறன் என்று பெருக்கினால் சுமார் 330 வாட்தான் வருகிறது; அதற்கு மேல் அது தொடர்ந்து தர இயலாது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கூம்பை இரு கைகளாலும் சீராக, மெல்ல அழுத்திப் பாருங்கள். உரசும் ஓசை வந்தால் சுருள் உருக்குலைந்துவிட்டது, கெயினைக் குறைப்பதால் அது திரும்பாது.

பேஸ் இருக்கிறது, ஆனால் வலுவில்லை

ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, வேறொருவரை ஆம்ப்ளிஃபையரின் ஃபேஸ் பொத்தானை (ஒலியலையைத் தலைகீழாக்குவது) 0க்கும் 180க்கும் மாற்றச் சொல்லுங்கள். எதில் உரக்கக் கேட்கிறதோ அதுவே சரி. இரட்டைச் சுருளில் ஒன்றைத் தலைகீழாக மாட்டியிருந்தால் ஒன்றை மற்றொன்று அழித்துவிடும்; கூம்பு அசையவே அசையாது, ஆம்ப்ளிஃபையர் மட்டும் சூடாகும். பெட்டியின் மூட்டுகளில் காற்றுக் கசிந்தாலும் வலு குறையும், கையை வைத்துத் தடவினால் தெரிந்துவிடும். லோ பாஸை 80 ஹெர்ட்ஸ் அருகில் வைத்துத் தொடங்குவது பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தும்.

பாட்டு இல்லாமலே காருக்குள் உறுமல்

எஞ்சின் இரைச்சலைக் குறைப்பதற்காகக் கூரையில் மைக் வைத்திருக்கும் சில கார்களில், அந்த அமைப்பு ஸ்பீக்கர்கள் வழியே அந்த இரைச்சலை அழிக்கும் எதிர் ஒலியை அனுப்புகிறது. புதிய சப்வூஃபர் அதைப் பெருக்கிவிடும்போது மைக் அதைக் கேட்டு மீண்டும் அனுப்ப, உறுமல் சுழலும். அந்த அமைப்பை முடக்கினால்தான் நிற்கும்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது

500 வாட் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபையர் முழு வீச்சில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டர் நீளமுள்ள 4 கேஜ் செம்பு ஒயரில் (கேஜ் எண் கூடினால் ஒயர் மெலியும்) அதனால் ஏறத்தாழ 0.2 வோல்ட் இழப்பு. 8 கேஜ் என்றால் ஏறத்தாழ 0.45 வோல்ட். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் என்றால் இழப்பு அதைவிடவும் ஒன்றரை மடங்குக்கு மேல். உறையைச் சிறிது சீவி இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் அது அலுமினியம், வாங்க வேண்டாம். ஒயர் சரியாக இருந்தும், எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையிலேயே வோல்ட் 13க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டரின் திறன் போதவில்லை அல்லது பேட்டரி முதுமை அடைந்திருக்கிறது. கெப்பாசிட்டர் வைப்பது இந்தக் குறையைத் தீர்க்காது, அதற்கும் மின்சாரம் அதே ஆல்டர்னேட்டரிலிருந்துதான் வர வேண்டும்.

காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை

காரைப் பூட்டி அரை மணி நேரம் கழித்து ஆம்ப்ளிஃபையரின் விளக்கைப் பாருங்கள். எரிந்துகொண்டிருந்தால் ரிமோட் ஒயர் எப்போதும் மின்சாரம் உள்ள இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. எரியாவிட்டால், மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துப் பேட்டரியின் மைனஸுக்குத் தொடராக இணைத்து, காரின் கணினிகள் எல்லாம் உறங்கும் வரை காத்திருந்து படிக்க வேண்டும். பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஆம்ப்ளிஃபையரின் முதன்மைப் பியூஸைப் பிடுங்குங்கள். எண் இறங்கினால் கசிவு இங்கே, இறங்காவிட்டால் காரின் வேறு பகுதியில்.

மைனஸ் முனையின் மேல் சிறிய உணரி பொருத்திய கார்களில், ஆம்ப்ளிஃபையரின் எர்த்தைப் பேட்டரி முனையிலேயே நேரடியாகக் கட்டக் கூடாது. அப்படிக் கட்டினால் அது இழுக்கும் மின்சாரத்தை உணரி கணக்கில் எடுக்காது, பேட்டரியின் நிலையைக் கார் தவறாக மதிப்பிட்டுச் சார்ஜைக் குறைத்துவிடும். எர்த் எப்போதும் உடலில்தான் முடிய வேண்டும்.

மேடு பள்ளத்தில் மட்டும் நின்று நின்று ஒலிக்கிறது

பாட்டு ஓடும்போதே ஒவ்வொரு ஒயரையும் முனைக்கு அருகில் மெல்ல அசைத்து வந்தால் நிற்கும் இடம் வெளிப்படும். திருகால் அழுத்திய வெறும் இழைகள் நாளடைவில் தளர்வது இயல்பு. முனையில் ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழல்) அழுத்தி மாட்டினால் அந்தத் தொல்லை இராது. மழைக்காலத்தில் திடீரென்று தொடங்கியிருந்தால் பானெட்டைத் திறந்து ஒயர் உறையில் எலிப் பல் தடம் இருக்கிறதா என்று பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னிப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். கடிபட்ட பிளஸ் ஒயருக்கு டேப் சுற்றி ஒப்பேற்றாமல் முழு நீளத்தையும் மாற்றிவிட வேண்டும். புதியதை நெளிவுக் குழாய்க்குள் விட்டு, தீச்சுவரைக் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் வைத்து, இரண்டு ஜாண் இடைவெளிக்கு ஒரு டை போட்டுக் கட்டிய பிறகே பியூஸை மாட்டுங்கள்.